நிகழ்காலம் முடிந்த பின் திறக்கப்படும்

கீழே வருவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, அதன்மேல் வலது கையை வைத்துச் சத்தியம் செய்து சொல்கிறேன். கண்ணாடி இல்லாமல் எழுதுவதால் வரிகள் கொஞ்சம் கோணலாக ஓடலாம். விஷயம் கோணாது.

மெத்தைக்காரர் அன்று காலை ஒரு விடுதிக்காகப் பழைய பஞ்சைப் பிரித்து அடித்துக்கொண்டிருந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் வெளுத்து, நாற்பத்தைந்து வயதில் எண்பது வயதுக்காரர் போல நின்றார். உள்ளேயிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, வயித்துல வலது பக்கமா யாரோ கோணி ஊசிய வச்சுத் தெக்கிற மாதிரி இருக்கு."

"யாரு?"

"நீங்கதான்னு நெனச்சேன். நீங்க வெளியில நிக்கிறீங்க."

கேலி வழக்கமானதுதான். ஆனால் அவள் உட்கார்ந்திருந்த விதம் வழக்கமானதாக இல்லை. தரையில், சுவரோடு, முழங்காலை மார்போடு அணைத்து ஒரு மூட்டை மாதிரி கிடந்தாள். நெற்றியில் கை வைத்த மெத்தைக்காரர் சுட்டது போலக் கையை எடுத்தார். அவள் நெற்றியில் ஐந்து விரல் பஞ்சு ஒட்டிக்கொண்டது.

அவளுடைய தம்பி மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன். சேதி போனதும் சவாரியைப் பாதியில் இறக்கிவிட்டு வந்து சேர்ந்தான். "மாமா, பெரியாஸ்பத்திரிக்கே போயிடலாம். இப்ப அது முந்தி மாதிரி இல்ல மாமா. பேப்பர்ல எல்லாம் போட்டிருந்தான். வேற எங்கயும் இப்படி ஒரு எடம் கிடையாதாம்!"

அந்தக் கடைசி வாக்கியத்தில் மிகையே இல்லை.

அந்த ஆஸ்பத்திரியும் ஒரு காலத்தில், வலிக்கிறது என்று சொன்னால் எங்கே என்று கேட்கிற சாதாரண இடமாகத்தான் இருந்தது. பிறகு அறிவின் வரலாற்று மன்றம் என்று ஒன்று வந்தது. மன்றத்தார் சொன்னதில் தப்பு ஒன்றும் கிடையாது. மனிதன் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, தன் காலத்தைக் கொண்டும்தான் பார்க்கிறான். ஒரு காலத்துக்குப் பெரிய கேள்வியாக இருப்பது இன்னொரு காலத்துக்குக் கேள்வியாகவே தோன்றாது. நேற்றைய டாக்டர்கள் முழு நம்பிக்கையோடு தப்பு செய்தார்கள். இன்றைய டாக்டர்களும் முழு நம்பிக்கையோடுதான் இருக்கிறார்கள். இதை ஒரு புத்தகத்தில் எழுதினால் படிக்கிறவன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசிப்பான். மன்றத்தார் புத்தகம் எழுதியதோடு நிற்காமல் ஆஸ்பத்திரியை வாங்கி, அந்த யோசனைக்கு ஒரு மாடி கட்டினார்கள்.

முன்வாசலில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது: அறிவு தாவக் கூடாது.

வரவேற்பு மேசையில் ஓர் அம்மாள் நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யுது?"

"வயித்து வலிங்க. தாங்க முடியல. இப்பவே பாக்கணும்."

"இப்பங்கிறது கடைசி ரூம். மொதல்ல ஆதிகாலம். நேராப் போயி வலது பக்கம் திரும்புங்க."

"அம்மா, எங்களுக்கு ஆதிகாலம் வேணாம். இன்னிக்கி இருக்கிற டாக்டரக் காட்டுங்க."

அம்மாள் நகத்தை ஊதினார். "இன்னிக்கித் தெரிஞ்சது எல்லாம் எங்கேருந்து வந்துச்சு? நேத்துலேருந்து. நேத்து? முந்தாநேத்துலேருந்து. அடிப்படி இல்லாம மேல்படியில எப்படி ஏறுவீங்க? உங்க சம்சாரத்தோட வலி எல்லாக் காலத்தையும் தாண்டி வரட்டும். அப்பத்தான் அது சரியான வலியா, இந்தக் காலம் கிளப்பிவிட்ட வலியான்னு தெரியும்."

"பாத்தியா மாமா, எவ்வளவு ஆழமாப் பேசறாங்க!" என்றான் மைத்துனன்.

"உங்கக்காவ ஆழத்துல போடாம இருந்தாச் சரி" என்றார் மெத்தைக்காரர்.

அவளைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகிற போக்கில் மெத்தைக்காரர் கட்டில் மெத்தையை ஓர் அமுக்கு அமுக்கிப் பார்த்தார். பழக்கதோஷம்.

முதல் அறையில் டாக்டர் ஆட்டுத்தோல் போர்த்தியிருந்தார். தோலுக்குக் கீழே இஸ்திரி போட்ட கால்சட்டை தெரிந்தது. அறையில் ஒரு கல், ஒரு நெருப்புச் சட்டி, ஒரு பறை. வாசலில் ஒரு மேற்பார்வையாளர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளத்தோடு அறியாமைப் படி என்று ஒன்று உண்டு. தன் அறையின் காலத்துக்குப் பிறகு கண்டுபிடித்த எதுவும் தெரியாதவராக இருப்பதற்கான கூலி அது. தெரிந்தது மாதிரி நடந்துகொண்டால் அந்தப் படியைப் பிடித்துக்கொள்வார்கள்.

"உங்க மேல யாருக்கோ கோபம்" என்றார் டாக்டர். "யாருக்குன்னு நெனச்சுப் பாருங்க."

"இவருக்குத்தான்" என்றாள் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. "தலகாணி உறைய உள்பக்கம் வெளியில வச்சுத் தச்சுட்டேன்னு மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காரு."

டாக்டர் பறையை அடித்தார். பறைச் சத்தத்துக்கு நடுவே குனிந்து, மெத்தைக்காரர் காதில் மட்டும் விழுகிற மாதிரி சொன்னார்: "ஐயா, பாத்தவுடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இது குடல்..." மேற்பார்வையாளர் நிமிர்ந்தார். டாக்டர் பலமாக நாலு அடி அடித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வார்த்தை ஆறாவது ரூம்லதான் பொறக்குது. சீக்கிரம் தள்ளிக்கிட்டுப் போங்க. சீக்கிரம்!"

மெத்தைக்காரர் தலையில் கட்டியிருந்த உருமாலை அவிழ்த்து, கட்டி, மறுபடி அவிழ்த்தார். "மாப்ள, வா, வெளியில போயிடலாம். வேற எங்கயாவது காட்டலாம்."

கதவு திறக்கவில்லை. மேற்பார்வையாளர் தன்மையாகவே விளக்கினார். "வெளிய போற கதவு கடைசி ரூம்லதாங்க இருக்கு."

"வந்த வழியாப் போறோம்."

"வரலாறு பின்னால போகாதுங்க."

இரண்டாவது அறையில் உடம்பு என்பது நான்கு நீர் நிறைந்த குடம். எந்த நீர் கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், கூடியதை இறக்க வேண்டும். இறக்குவதற்கு ஒரு கண்ணாடிக் குப்பியில் அட்டைப்பூச்சிகள் இருந்தன. டாக்டர் கையில் முந்தைய நோயாளியின் இரத்தம் காய்ந்திருந்தது.

"டாக்டர், கையக் கழுவிக்கிட்டு..." என்றார் மெத்தைக்காரர்.

டாக்டர் முகம் வெளுத்தது. "மெதுவாப் பேசுங்க! போன மாசம் ஒருத்தர் தெரியாத்தனமாக் கையக் கழுவிட்டாரு. அரை மாசப் படியப் புடிச்சுட்டாங்க. அவருக்கு ரெண்டு பொண்ணு வேற."

அட்டைகள் குடித்துக் கொழுத்தன. அவள் உதடு வெளிறியது. "ஏங்க," என்றாள், "இதுங்களையும் ஒரு உறைக்குள்ள போட்டுத் தச்சா நல்ல தலகாணி ஆகும்." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மூன்றாவது அறையில் நோய் என்பது கெட்ட காற்று. அதனால் ஜன்னல்களை அடைத்துத் துணி சொருகியிருந்தார்கள். உள்ளே வாசனைத் தூள் புகைந்தது. டாக்டர் இல்லை. கெட்ட காற்று உள்ளேயிருந்து வருகிறதா, வெளியேயிருந்து வருகிறதா என்று விவாதிக்கிற கூட்டத்துக்குப் போயிருப்பதாக உதவியாளர் சொன்னார்.

"எப்ப வருவாரு?"

"அந்த விவாதம் அந்தக் காலத்துல நூறு வருஷம் நடந்துச்சுங்க. ஆனா இவர் டீ குடிக்க வந்துடுவாரு."

காத்திருந்தார்கள். புகையில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. மெத்தைக்காரர் தோள் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். இன்னொரு கையில் அவள் கை இருந்தது. அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. அவர் சத்தம் போட்டார், கும்பிட்டார், உதவியாளர் காலில் விழப் போனார். உதவியாளர் காலை நகர்த்திக்கொண்டு, "என் கையில என்னங்க இருக்கு, காலத்தோட கையில இருக்கு" என்றார். மைத்துனன் ஜன்னல் துணியைப் பிடுங்கப் போனான். இரண்டு பேர் வந்து அவனைப் பிடித்து வராந்தாவில் உட்காரவைத்தார்கள்.

"இந்தா, இங்க பாரு. தூங்காத" என்றார் மெத்தைக்காரர் மனைவியிடம். "அந்த உறை நல்லாத்தான் இருக்கு. உள்பக்கம் வெளியில இருந்தா என்ன, படுத்தா தெரியவா போகுது? நான் சும்மாதான் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தேன்."

டாக்டர் டீ குடிக்க வந்தார். காற்றை மோந்து பார்த்தார். அடுத்த அறைக்குக் கையெழுத்துப் போட்டார்.

நான்காவது அறைக்குள் கட்டில் நுழைந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். காற்று பட்டதாலோ என்னவோ, முகம் தெளிந்திருந்தது. "வலி விட்டுடுச்சுங்க" என்றாள். மெத்தைக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சத்தமாச் சொல்லாதீங்க" என்றார் அங்கிருந்த அதிகாரி. "வலி இல்லாம இந்த ரூம்ல அனுமதி இல்ல."

அது வகைப்படுத்தும் காலம். கூரை வரை இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வலி. குத்துகிற வலி, குடைகிற வலி, பிசைகிற வலி, போய்விட்டு மறுபடி வருகிற வலி, மாமியார் வந்தால் மட்டும் வருகிற வலி. நோய் எதனால் வந்தது என்று கேட்பது இந்த அறையில் அநாகரிகம். எந்த இழுப்பறை என்றுதான் கேட்க வேண்டும். அதிகாரி ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார்.

"கோணி ஊசியால தெக்கிற வலி" என்றாள் அவள்.

அதிகாரி ஏணியிலேயே நின்றுவிட்டார். தேடினார், கீழே பார்த்தார், மேலே பார்த்தார். "அப்படி ஒண்ணு இல்லம்மா. சாதா ஊசின்னு சொன்னா உடனே முடிச்சுக் குடுத்துடுவேன். கோணி ஊசின்னா புது இழுப்பறை செய்யணும். தச்சர் லீவு."

"சரி, சாதா ஊசின்னே வச்சுக்கங்க. உங்களுக்காக வேணும்னா கொஞ்சம் நூலும் கோத்துக்கறேன்."

அதிகாரி மகிழ்ந்து போய் ஏணியிலிருந்து இறங்கி அவளுக்கு நன்றி சொன்னார். ஒரு நோயாளி தன்னைச் சரியான இடத்தில் வைக்க இவ்வளவு ஒத்துழைத்ததை அவர் பார்த்ததில்லையாம்.

ஐந்தாவது அறை குளிர்ந்திருந்தது. வெள்ளைக்கல் மேசை. மேசையைச் சுற்றிப் படிக்கட்டு போல இருக்கைகள். அவற்றில் குறிப்பெடுக்கிற ஆட்கள். இங்கே டாக்டர் மிகவும் பண்பானவர், மெல்லிய குரல்காரர்.

"இந்தக் காலத்துலதாம்மா முதல்முதலா உண்மையான அறிவு வருது" என்றார். "உடம்பத் தொறந்து பாத்தோம். எல்லாம் வெளிச்சமாச்சு. உங்களுக்கும் தொறந்து பாத்தா ஒரு நொடியில சொல்லிடுவேன்."

"அப்ப உடனே தொறங்க ஐயா" என்றார் மெத்தைக்காரர்.

டாக்டர் தயங்கினார். "அதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு. இந்தக் காலத்துல உயிரோட இருக்கிற உடம்பத் தொறக்கிற வழக்கம் இன்னும் வரல. அதனால அம்மா கொஞ்சம் ஒத்துழைச்சாங்கன்னா..."

"எப்படி ஒத்துழைக்கணும்?" என்றாள் அவள்.

"அத என் வாயால சொல்றது மரியாதை இல்லம்மா."

படிக்கட்டில் இருந்தவர்கள் பேனாவை எடுத்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்கள்.

"நல்லாக் கேட்டீங்க போங்க" என்றாள் அவள். "நான் செத்தா இந்த மனுஷனுக்கு யார் சோறு போடறது? வேணும்னா இவர எடுத்துக்கங்க. உள்ள பஞ்சுதான் இருக்கும், பாத்துட்டுப் பழையபடி தச்சுக் குடுத்துடுங்க."

டாக்டர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "உயிரோட இருக்கிறவங்களாலதான் அறிவு தாமதமாகுது" என்று படிக்கட்டைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

மெத்தைக்காரர் கட்டிலை மேசையருகிலிருந்து விலக்கி, தானே தள்ளிக்கொண்டு, ஆறாவது அறைக்கு ஓடினார். வராந்தாவில் இருந்த மைத்துனனும் பிடியிலிருந்து நழுவி வந்து சேர்ந்துகொண்டான். அறைக் கதவு பூட்டியிருந்தது. கதவில் பளபளவென்று ஒரு பலகை: நிகழ்காலம் முடிந்த பின் திறக்கப்படும்.

மெத்தைக்காரர் கதவைத் தட்டினார். குத்தினார். தலையால் முட்டினார். தலையிலிருந்து பஞ்சு பறந்தது. சத்தம் கேட்டு மன்றத் தலைவரே வந்துவிட்டார். பின்னால் ஒரு செயலாளர், கையில் தடித்த புத்தகம். தலைவர் கன்னம் ஒரு பக்கம் வீங்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டியிருந்தது.

"என்னய்யா இது, படிப்பில்லாத வேலை?" என்றார்.

"சாமி, கதவத் தொறக்கச் சொல்லுங்க. எல்லா ரூமும் ஏறி எறங்கி வந்துட்டோம்."

தலைவர் தொண்டையைச் செருமினார். செயலாளர் புத்தகத்தைப் பிரித்தார். தலைவர் பேச ஆரம்பித்தால் பிரித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

"அன்பரே, மீன் தண்ணியப் பாக்குமா? பாக்காது. நாம நம்ம காலத்துக்குள்ள நீந்தற மீன். நமக்குத் தெரியுதுன்னு நாம நெனக்கிறது உண்மையிலே அறிவா, இல்ல நம்ம காலத்தோட பழக்கமான்னு நாமளே எப்படிச் சொல்றது? அடுத்த காலத்துக்காரன் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் இந்தக் கதவத் தொறக்கிறது அகங்காரம்! உங்க மனைவிக்கு வைத்தியம் பாக்க மறுக்கிறதாத் தப்பா நெனக்காதீங்க. நாங்க பணிவா இருக்கோம். இவ்வளவு பணிவான ஆஸ்பத்திரி உலகத்துல வேற இல்ல."

மைத்துனன் அவர் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஐயா, பல்லா?"

"ஆமாம்பா. கடைவாய். ராத்திரியெல்லாம் உயிர் போச்சு. காலையில முக்குல இருக்கிற பல்டாக்டர்கிட்ட போயி உடனே புடுங்கிட்டேன்."

"அஞ்சு ரூமும் ஏறாமலா?"

"பல்லுக்கு வரலாறு கிடையாது" என்றார் தலைவர் கோபமாக. பிறகு செயலாளரிடம், "இது வேண்டாம். மீன்லேருந்து பணிவு வரைக்கும் மட்டும் எழுதிக்கோ. மன்றத்தோட வரலாறு முதல் பாகத்துல சேக்கணும்."

மெத்தைக்காரர் கதவில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்தார். அவருக்கு மீனும் புரியவில்லை, பணிவும் புரியவில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகக்கூடக் கேட்கவில்லை, வாய் தானாக முனகியது.

"அப்ப ஐயா பேசினது வரலாறாயிடுச்சா?"

"ஆமாம். இதோ, எழுதியாச்சே."

"நடந்து முடிஞ்சாத்தானுங்களே வரலாறு?"

"பின்னே?"

"ஐயா இப்பத்தானே பேசினீங்க. அந்த இப்ப முடிஞ்சுபோச்சுங்களா?"

செயலாளரின் பேனா நின்றது. தலைவர் பலகையைப் பார்த்தார். நிகழ்காலம் முடியவில்லை என்றால் அவர் பேச்சைப் புத்தகத்தில் சேர்க்க முடியாது. முடிந்துவிட்டது என்றால் கதவைத் திறந்தாக வேண்டும்.

"ஐயா, எழுதினத அடிச்சுடட்டுங்களா?" என்றார் செயலாளர்.

"அடிக்காதே!" என்று அலறினார் தலைவர். மீன் உவமையை அவர் பல் வலியோடு வலியாக இரவு முழுக்க உட்கார்ந்து யோசித்திருந்தார். அதை இழக்க அவருக்கு மனமில்லை. கொஞ்ச நேரம் வீங்கிய கன்னத்தைத் தடவினார். பிறகு, ஒரு யுகத்தையே முடித்துவைக்கிற தோரணையில் கையை உயர்த்தி, "முடிந்தது" என்றார்.

சாவி வந்தது. கதவு திறந்தது. உள்ளே அத்தனை வெளிச்சம். பளபளக்கிற விளக்கு, உறை பிரிக்காத கத்திகள், கொதிக்கக் கொதிக்க வெந்நீர். நாற்காலியில் ஒரு டாக்டரம்மா காலை நீட்டி வைத்துக்கொண்டு கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். அது அறையின் நீளத்துக்கு வளர்ந்து சுவரில் முட்டித் திரும்பியிருந்தது.

"ஆள் வந்தாச்சா!" என்று துள்ளி எழுந்தார். "நான் வேலையில சேந்த நாள்லேருந்து ஒருத்தர்கூட இந்த ரூம் வரைக்கும் வந்து சேரல. எங்கம்மா வலி?" அவளை ஒரு விரலால் தொட்டார். "குடல்வால். அவ்வளவுதான். கையக் கழுவிட்டு வந்துடறேன்."

கையைக் கழுவினார். அந்தச் சத்தத்தை மெத்தைக்காரர் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பானைத் தண்ணீர் கொதிக்கிற நேரத்தில் எல்லாம் முடிந்தது. டாக்டரம்மா ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து காட்டினார். சுண்டுவிரல் நீளத்துக்கு என்னவோ கிடந்தது. அவள் மயக்கம் தெளிந்து கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டூண்டா? இதுக்கா மனுஷங்களுக்கு இத்தன காலம் புடிச்சுது?"

வெளியே போகிற கதவு, சொன்னபடியே, அந்த அறையில்தான் இருந்தது. மைத்துனன் வண்டியைக் கதவோடு கொண்டுவந்து நிறுத்தினான். வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. வண்டி குலுங்குகிறது என்று தம்பியைத் திட்டினாள். போட்டது போட்டபடி கிடக்கிற பஞ்சை இந்நேரம் காற்று தெருவெல்லாம் இறைத்திருக்கும் என்று புருஷனைத் திட்டினாள். ஆஸ்பத்திரி மெத்தையைப் பற்றி, அதைத் தைத்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வேன் என்று விரிவாகச் சொன்னாள். மெத்தைக்காரர் எல்லாவற்றுக்கும் உம் கொட்டிக்கொண்டு வந்தார். நான்காவது அறையிலிருந்து இந்த இடம் வரை அவர் சொல்லும்போது மட்டும் யாரும் குறுக்கே பேசுவதில்லை.

மெத்தைக்காரரின் மனைவி மூன்றாவது அறையில் இறந்துபோனாள்.